உப்பளத்துக்குப் பின்னால் ஒரு கழி

பத்து மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று பெனிட்டா எழுதியிருந்தாள். இப்போது எட்டே முக்கால். பால்வண்ணன் செல்பேசியைச் சாப்பாட்டு மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார், கவிழ்த்துவிட்டால் கேள்வி அடியில் நசுங்கிச் செத்துவிடும் என்பதுபோல. சாகவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை மேசை அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்காரர்கள் குழுவில் மொத்தம் நாற்பத்தொரு பேர். வேலைநாளில் ஒரு காலை வணக்கத்துக்குக்கூட வாய் திறக்காத ஆட்கள் எல்லாம் மூன்று நாளாகக் கடல் விஞ்ஞானிகளாகிவிட்டார்கள். பெனிட்டா மீன்வளக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண், நேற்றுத்தான் குழுவில் சேர்த்திருந்தார்கள். சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தாள். எண்ணெயைத் தடுக்கிற மிதவைத் தடுப்பு இன்னும் ஒரே ஒரு கழிமுகத்துக்குத்தான் மிச்சம் இருக்கிறது. பெரிய கழிமுகங்களுக்கெல்லாம் கட்டியாகிவிட்டது. கொடுவா மீன் குஞ்சுகள் கடல்நீர் ஏறியிறங்குகிற எந்தச் சின்னக் கழியில் அதிகம் ஏறுகின்றன என்பது எங்கள் வரைபடத்தைவிட உங்களுக்குத்தான் தெரியும். பதினொன்றரைக்கு நீர் ஏறும், அதோடு எண்ணெயும் ஏறும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரிந்தவர்கள்! என்னமோ ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும் என்கிற மாதிரி. நாற்பத்தொரு பேரில் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் இங்கே ஆறிப்போன காப்பியின் மேல் படிந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். ஆடை ஒதுங்கி, மறுபடி கூடி, கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டது. எண்ணெயும் இப்படித்தான் ஒட்டுமா? நேற்று டவுனில் ஒருவன் தன் செருப்பைத் தூக்கிக் காட்டினான், கறுப்பாக, தார் மாதிரி. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லையாம். செருப்புக்கே அப்படி என்றால் சதுப்பு மர வேருக்கு எப்படி. குஞ்சு மீனின் செவுளுக்கு எப்படி. அவர் காப்பியைத் தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஏதோ ஒரு கப்பலின் வயிறு கிழிந்து எண்ணெய் கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை கண்ணாடிக் கடையைத் திறக்கும்போதே சேதி வந்துவிட்டது. ஒரு அம்மாளுக்குக் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார், இந்தக் கண்ணாடியில் தெளிவா, இதில் தெளிவா என்று கேட்டுக்கேட்டு மாற்றிக்கொண்டிருந்தார், மேசைமேல் கிடந்த செல்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. தெற்குக் கல்தடுப்பு. அலை உடைக்கப் போட்ட பெரிய பெரிய பாறைகள், எல்லாம் கறுப்பு. எட்வின் வழக்கமாக நின்று தூண்டில் போடுகிற பாறைகள். அந்தப் படத்தைப் பார்த்தபோது தன் நெஞ்சில் என்ன எழுந்தது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அதற்கு இன்றுவரை அவர் வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறார், கிடைக்கவில்லை. சந்தோஷம். சுத்தமான, கலப்படமில்லாத சந்தோஷம். போச்சா, இனி எங்கே போய் நிற்பாய், எங்கே போய்ப் பதினொரு கிலோ கொடுவாவைத் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுவாய்? அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது, அதுவும் உண்மைதான். ஆனால் முந்தியது எது? சந்தோஷம்தான் முந்தியது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "எதுல தெளிவுன்னு நான் சொல்லி எம்புட்டு நேரமாவுது" என்றாள். கடலில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது, கட்டுமரக்காரன் பிழைப்பு போகிறது, ஆமை செத்து ஒதுங்குகிறது, இந்த மனுஷனுக்கு எட்வின் நிற்கிற கல் கறுத்ததில் குளிர்ச்சி. கேவலம். இருந்தாலும் அந்தக் குளிர்ச்சி மத்தியானம் வரை இருந்தது.

எட்வின் அப்படி என்ன செய்துவிட்டான் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, எரிச்சலே அதில்தான். ஒரு தப்பும் செய்யாதவனை எப்படி வெறுத்துத் தொலைப்பது? துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற ஏஜெண்ட் ஆபீசில் வேலை. நாற்பது வயது. தூண்டிலை வீசுகிறபோது பார்க்க வேண்டும், வீசுகிற மாதிரியே இருக்காது, கையை உதறினான் என்றுதான் தோன்றும், எண்பது கஜம் போய் விழும். பால்வண்ணன் இருபத்திரண்டு வருஷமாக வீசுகிறார், தோள்பட்டை தேய்ந்துவிட்டது, ஐம்பது தாண்டாது. அவன் தன் பாறையில் புதிதாக வந்தவனைக்கூடப் பக்கத்தில் நிற்கவிடுவான், இங்கன போடுங்க, இங்கனதான் வரும் என்று சொல்லிக்கொடுப்பான். குழுவுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, மீன் படத்தைப் பார்த்து எங்கே பிடித்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் தண்ணியில என்று பதில் வரும், அதோடு விட்டுவிட வேண்டும். ஒருவன் கண்டுபிடித்த இடம் அவன் வாயால் சொல்கிறவரை அவனுடையது. எட்வின் மட்டும் கேட்காமலே சொல்லுவான், தெற்குக் கல்தடுப்பு, நாலாவது பாறை, விடிகாலை, வாங்க எல்லாரும். இடத்தை ஊருக்கே சொல்லிவிட்டும் மீன் அவனுக்குத்தான் மாட்டியது. அவன் பிடித்த பாதியை அக்கம்பக்கம் கொடுத்துவிடுவான். இந்த வீட்டுக்கும் வரும். போன மாசம் வந்த பாறை மீனைக் குழம்பு வைத்துவிட்டுக் கோமதி, "எட்வின் தம்பி குடுக்குற மீனு என்ன ருசியா இருக்கு" என்றாள். இவர் கொண்டுவருகிறதும் அதே கடலில் பிறந்த பாறை மீன்தான். இவர் மீனுக்கு மட்டும் முள் ஜாஸ்தியாம். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள். அவர் அன்றைக்கு இரண்டாம் சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொண்டார், பசி தீரவில்லை, எழுந்துவிட்டார்.

அதைவிடக் கொடுமை பன்னிரண்டு கிலோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசியில், இவரும் பிடித்தார், பன்னிரண்டு கிலோ நானூறு கிராம், எட்வினுடையதைவிட ஒரு கிலோ நானூறு கூட. பிடித்தது உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கழியில். படம் எடுத்தால் பின்னணியில் உடைந்த மதகு தெரியும், மதகைப் பார்த்தால் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். ஆகவே மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னால் ஒரு குளிக்கிற துண்டைக் கோமதியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போட்டார். நீலத் துண்டு, அதில் ஒரு ஓட்டலின் பேர். பிறகு ஒருவன், "அண்ணாச்சி, ஐஸ் வச்ச மீன் மாதிரில்லா இருக்கு" என்றான். இன்னொருவன் எந்த மார்க்கெட் என்று கேட்டான். சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக விழுந்தன. எட்வின் மட்டும், சூப்பர் மீன் அண்ணாச்சி, வாழ்த்துகள் என்று எழுதினான். அந்த வாழ்த்துதான் ரொம்ப நாள் எரிந்தது. சிரித்தவர்களை எப்போதோ மறந்தாயிற்று. அவன் நம்பினான், அல்லது நம்பாமலே பெருந்தன்மையாக இருந்தான், இரண்டில் எது என்று இன்றுவரை தெரியவில்லை, இரண்டுமே தாங்கவில்லை. தன் வாழ்நாள் மீனை இவர் ஒரு துண்டுக்காகத் தொலைத்தார். துண்டுக்காகவா? இல்லை, கழிக்காக. ஊரே மார்க்கெட் மீன் என்று சொல்லட்டும், கழி பிழைத்துக் கிடக்கட்டும் என்று. அப்படி நினைத்துத்தான் தூங்கினார், தூக்கம் வந்தது என்றும் சொல்ல முடியாது.

மேசை மறுபடி அதிர்ந்தது. ஒன்பது ஐந்து. எடுத்துப் பார்த்தார். யாரோ பெரிய பாலத்தடியைச் சொல்லியிருந்தான், அங்கே ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று பெனிட்டா பதில் போட்டிருந்தாள். இன்னொருவன் ஒரு சாக்கடை வாயைச் சொல்லியிருந்தான், முட்டாள், அதில் மீன் எங்கே ஏறும். காற்று கொண்டலாகத்தான் அடித்தது, ஜன்னல் திரை உள்ளே உப்பி உப்பி விழுந்தது. கடலிலிருந்து கரைக்கு. எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வருகிற காற்று. வாசம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினார், வந்தது அடுக்களையில் கடுகு தாளிக்கிற வாசம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதல்முதலாக அங்கே போன அன்றைக்கும் இதே காற்று. மூடிக் கிடந்த உப்பளத்தின் வரப்பில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனார், கொக்குகள் ஒரே இடத்தில் வந்து வந்து இறங்கினவே, அங்கே என்ன என்று பார்க்க. நாற்பது அடி அகலம் இருந்தால் அதிகம். இரண்டு பக்கமும் சதுப்பு மரங்கள் வேரை நீட்டிக்கொண்டு. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில். சும்மா பார்த்துக்கொண்டு நின்றபோது வேர்களுக்கு நடுவிலிருந்து டொப் என்று ஒரு சத்தம், யாரோ ஒரு குண்டானைத் தண்ணீரில் கவிழ்த்துப் போட்டதுபோல. கொடுவா, மடவை மீன் குஞ்சை வாய் திறந்து உறிஞ்சுகிற சத்தம். நாற்பத்தைந்து வயது ஆள், கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், அங்கே சேற்றில் தனியாக நின்றுகொண்டு சிரித்தார். யாரிடமும் சொல்லவில்லை. கோமதியிடம்கூட. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவைக்கு மேல் போகமாட்டார், போனாலும் ஒரு மீனுக்கு மேல் எடுக்கமாட்டார், குஞ்சு மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்து விட்டுவிடுவார். அவருடைய வாழ்க்கையில் அவருக்கென்று மட்டும் இருந்தது என்று எதைச் சொல்வது? கடை அப்பா வைத்தது. வீடு கோமதி பேரில். கழி ஒன்றுதான்.

இப்போது ஐப்பசி. குஞ்சுகள் ஏறியிருக்கும். விரல் நீளம், முதுகில் ஒரு வெள்ளைக் கோடு. வேருக்கடியில் ஆயிரக்கணக்கில் ஒண்டிக்கொண்டிருக்கும். நீர் ஏறும், அதன்மேல் அந்தக் கறுப்பு வரும், வந்தால் இறங்காது. வேரில் ஒட்டும். ஒரு வருஷம், இரண்டு வருஷம், பெனிட்டா என்னமோ எழுதியிருந்தாளே, சேற்றுக்குள் இறங்கினால் பத்து வருஷம்கூட இருக்கும் என்று. பத்து வருஷத்தில் அவருக்கு அறுபத்து நாலு. சொல்லிவிட்டால் என்ன? சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? நாற்பது பேர் வரப்பில் வரிசையாக நிற்பான்கள், பாட்டுப் போடுவான்கள், பிரியாணிப் பொட்டலத்தை வேரில் வீசுவான்கள். அது கூடப் பரவாயில்லை என்று வைத்தாலும் எட்வின் நிற்பான். அவன் பாறைதான் போய்விட்டதே, வேறு எங்கே போவான்? கையை உதறுவான், மதகைத் தாண்டி, இவர் ஒன்பது வருஷமாக எட்ட முடியாத அந்த ஆழக் கிடங்கில் போய் விழும், டொப். அவர் கண் முன்னாலேயே அது நடந்தது, அடுக்களை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே. எண்ணெய் வந்தாலாவது எல்லோருக்கும் இல்லாமல் போகும். எட்வினுக்கும் இல்லாமல் போகும். சீ. என்ன நினைப்பு இது. தன் பிள்ளையை அடுத்தவன் தூக்கிக் கொஞ்சுவான் என்பதற்காகக் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் இருப்பானா ஒருத்தன்? இருக்கமாட்டான். ஆனால் யோசிப்பான் போலிருக்கிறது, ஒன்றரை மணி நேரம்.

பெனிட்டாவிடம் மட்டும் தனியாகச் சொன்னால்? சொல்லலாம், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். தடுப்பை அவள் தலையில் சுமந்துகொண்டா போவாள்? லாரி வேண்டும், ஆள் வேண்டும், முழங்கால் சேற்றில் இறங்கிக் கயிறு இழுக்க எட்டுப் பேர் வேண்டும். மூன்று நாளாக அந்த லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பது யார்? ராத்திரி பகல் பாராமல் கயிறு இழுப்பது யார்? எட்வின். படம் படமாக வந்துகொண்டிருந்ததே, கை முழுக்கக் கறுப்பு, அப்போதும் பல். தானே சாக்கும் கயிறும் கொண்டுபோய் அடைத்துவிட்டால்? நாற்பது அடி, ஒற்றை ஆள், தேய்ந்த தோள்பட்டை. வைக்கோல் அடைத்த சாக்கு என்றால் ஐம்பதாவது வேண்டும், வைக்கோலுக்கு எங்கே போக. "ஏங்க, என்னத்த அப்படி உத்துப் பாக்கிய? தோசை வேணுமா வேண்டாமா?" என்று கோமதி உள்ளேயிருந்து கேட்டாள். வேண்டாம் என்றார். "வேண்டாம்னா வேண்டாம்னு முதல்லயே சொல்லணும், ஊத்துனப்புறமா சொல்லுதிய" என்றாள் அவள். ஒன்பது நாற்பது. அவர் செல்பேசியைக் கையில் எடுத்தார். ஒரு கழி இருக்கு என்று எழுதினார். அழித்தார். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார், ஒரு கழி இருக்காம் என்று எழுதினார். யார் அந்த ஒருத்தர் என்று கேட்பான்கள். அழித்தார். மறுபடி ஒரு கழி இருக்கு என்று எழுதி, கட்டைவிரலை அனுப்புகிற பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு, அனுப்பத்தான் போகிறோம், இதோ, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது செல்பேசி கையிலேயே அலறியது. எட்வின்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டியளே?" பின்னால் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவன் சற்றுத் தள்ளிப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பழைய உப்பளத்துக்குப் பின்னால ஒரு கழி இருக்குல்லா. நாலு வருசம் முன்னால நான் அந்தப் பக்கம் போனேன், உங்க ஸ்கூட்டர் அங்கன நின்னுச்சு. சரி, இது அண்ணாச்சி எடம்னு அப்படியே திரும்பிட்டேன். யார்ட்டயும் சொல்லல. இப்பம் நேரமில்ல பாத்துக்கிடுங்க. நீங்களே பெனிட்டாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா நல்லாருக்கும். உங்க எடத்த நான் சொல்லப்பிடாது." நாலு வருஷம். பால்வண்ணனுக்குக் காது சூடாகிவிட்டது. நாலு வருஷமாக இவன் தெரிந்து வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறான். நீலத் துண்டைப் பார்த்தபோது தெரிந்தே வாழ்த்தியிருக்கிறான். நாம் பொத்திப் பொத்திக் காத்தது, இவன் பார்த்தும் பார்க்காத மாதிரி போட்டுவிட்டுப் போன பிச்சையா? வாய் திறந்தார். ஆமாம் தம்பி, நானே சொல்கிறேன் என்பதுதான் வர வேண்டியது. ஒன்பது வருஷப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. "எந்தக் கழி? என் ஸ்கூட்டரா? நான் அந்தப் பக்கமே போனதில்லியேப்பா" என்றார். "அப்படியா அண்ணாச்சி" என்றான் எட்வின். அவன் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடினார், இல்லை, இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "அப்பம் வேற யார் வண்டியோ போல. யார் எடமும் இல்லன்னா நானே சொல்லிருதேன், என்ன?" சொல்லு, சொல்லு என்றார். சொல்லிவிட்டு, வைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று யோசிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை, குழுவில் கைதட்டல்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. எட்வின் சார் அருமையான ஒரு கழியைச் சொல்லியிருக்கிறார், செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன், இதைத்தான் தேடினோம் என்று பெனிட்டா எழுதினாள். எட்வின் கழி என்று எழுதினான் ஒருவன். பேர் வைத்துவிட்டான். பேரே இல்லாமல் ஒன்பது வருஷம் இருந்ததற்கு, மூன்று நிமிஷத்தில். தானே வாயால் இல்லை என்று தள்ளிவிட்ட பிறகு யாரிடம் போய் அழுவது? வயிறு எரிந்தது. கரிக்கட்டையை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி எரிந்தது.

கயிறு இழுக்க ஆள் வேண்டும், பத்தே காலுக்கு உப்பள வாசலில் கூடுவோம் என்று அடுத்த சேதி வந்தது. வாரேன், வாரேன், வாரேன் என்று விழுந்துகொண்டே இருந்தன. அவரும் வாரேன் என்று போட்டார். போகாமல் எப்படி இருப்பது, குஞ்சுகள் அங்கே அல்லவா இருக்கின்றன. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போதுதான் உறைத்தது, அந்தப் பக்கமே போகாத ஆளுக்கு வழி எப்படித் தெரியும்? விசாரிக்க வேண்டும். தன் இடத்துக்கு வழியை, அவனிடமே. செல்பேசியில் கூப்பிட்டார். எட்வின் பொறுமையாகச் சொன்னான், பக்கத்தில் இருக்கிற லாரி டிரைவருக்கும் சேர்த்துச் சத்தமாக. "வாசலத் தாண்டி நேரா வந்தியன்னா ஒரு பம்ப் ஷெட்டு வரும் அண்ணாச்சி. அங்கன இடப்பக்கம் ஒரு பெரிய வரப்பு போகும், லாரியே போகும், அகலமா இருக்கும். அதப் பிடிச்சுப் போனா நேரா கழிதான்." இடப்பக்கமா? இடப்பக்க வரப்பு மூன்று வருஷத்துக்கு முன்னால் பெய்த மழையில் நடுவில் உடைந்து தண்ணீரோடு போய்விட்டது. லாரி இறங்கினால் அச்சுவரை புதையும், வெளியே இழுக்கச் சாயங்காலமாகும். அது உடைந்ததே தெரியவில்லை இவனுக்கு. அப்படியென்றால் நாலு வருஷமாக ஒருநாள்கூட, யாரும் இல்லாத நாளில்கூட, இவன் அங்கே கால் வைக்கவில்லை. நிஜமாகவே திரும்பிப் போய், நிஜமாகவே போகாமல் இருந்திருக்கிறான். தன்னால் முடிந்திருக்குமா? எட்வினின் ரகசியம் தனக்குத் தெரிந்திருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்குமா? தாங்கியிருக்காது, மறுநாளே போயிருப்பார். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. அதற்குமேல் இன்னொன்று பொங்கிக்கொண்டு வந்தது, வெட்கத்தைவிடப் பெரியது, பழகினது. என் கழிக்கு இவன் வழி சொல்கிறான், அதுவும் தப்பாகச் சொல்கிறான்!

"இடப்பக்கம் போகாதடே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார் பால்வண்ணன். "அந்த வரப்பு மூணு வருசத்துக்கு முன்னாலயே உடைஞ்சு போச்சு. லாரி புதைஞ்சிரும். பம்ப் ஷெட்டத் தாண்டி வலப்பக்கம், ரெண்டாவது பாத்தி வரப்பு, அங்கன செம்மண்ணு போட்டிருக்கான், கெட்டியா இருக்கும். மதகுக்கு இங்கிட்டே நிறுத்து. அங்கிட்டுப் போனா வேரெல்லாம் மிதிபட்டுரும், குஞ்சு பூரா அங்கனதான் கிடக்கு. தெரியாமப் பேசாத, ஒனக்கு என்னடே தெரியும்!" சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கியபோதுதான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. ஜன்னலில் கோமதியின் முகம் தெரிந்தது. லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சிரிப்பான். சிரிக்கட்டும். சிரித்தால் ஜென்மத்துக்கும் அவனை நிம்மதியாக வெறுக்கலாம். எட்வின் சிரிக்கவில்லை. "சரி அண்ணாச்சி" என்றான். "வாசல்ல நிக்கோம். நீங்க முன்னால போங்க, நாங்க உங்க பின்னால வாரோம்." ஸ்கூட்டரை மிதித்தார், இரண்டு தடவை மிதித்தும் பிடிக்கவில்லை, மூன்றாவதில் பிடித்தது. எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வந்தது. பத்து ஐந்து ஆகியிருந்தது, நீர் ஏற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது, கட்டிவிடலாம். அது தெரிந்தும் உப்பளம்வரை வழிநெடுக அவருக்கு எரிந்துகொண்டே இருந்தது. முன்னால் போகிற அந்த இடத்தைக்கூட அவன்தானே விட்டுக்கொடுத்தான்.